நெருங்கினவங்க சொன்னது

கல்லூரி விடுதியின் சமையல்கட்டில் அவளை எல்லோரும் வெங்காயம் என்றுதான் கூப்பிட்டார்கள். விடிந்தால் மூட்டையை அவிழ்த்து உரிக்க உட்காருகிறவள் என்பதால் வந்த பெயர். எத்தனை உரித்தாலும் அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. "இவளை அழ வைக்கணும்னா வேற ஏதாவதுதான் உரிக்கணும்" என்பார் சமையல் மேஸ்திரி. அவளுக்கு எதிரே சாக்கை விரித்து உருளைக்கிழங்கு சீவுகிறவள் கண்ணாடி. தடித்த மூக்குக்கண்ணாடி போட்டவள், வெங்காயத்தைவிட ஆறேழு வயது மூத்தவள். அவளை இந்த வேலைக்குக் கூட்டிவந்து சேர்த்துவிட்டதே கண்ணாடிதான். இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து வெந்நீர் வேண்டுமா என்று குரல் வரும்.

வீடு என்று சொல்லிக்கொண்டார்களே தவிர, ஆளுக்கு ஓர் அறைதான். வரிசையாக ஆறு அறை, மேலே தகரம். வெயில் நாளில் தகரம் நெருப்பை இறக்கும். மழை பெய்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுகூடக் காதில் விழாது. ஆறு குடும்பத்துக்கும் சேர்த்துக் கோடியில் ஒரே கக்கூஸ். காலையில் அதன் முன்னால் வாளியும் கையுமாக ஆட்கள் நிற்பார்கள்.

வெங்காயத்தின் மகள் எட்டாம் வகுப்பு படித்தாள். ஒரு நாள் அவள் உள்ளே இருக்கும்போது தாழ்ப்பாள் கழன்று விழுந்து, வெளியே நின்ற எவனோ கதவைத் தள்ளிவிட்டான். தெரியாமல் தள்ளினேன் என்று அவன் சத்தியம் செய்தான். மாலையே பெண்ணின் அப்பா பைக்காரர் புதுத் தாழ்ப்பாள் வாங்கிவந்து போட்டார். ஆனாலும் பெண் அதற்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் திரும்பி வந்ததைப் பார்த்த அன்றைக்குத்தான், எப்பாடு பட்டாவது ஒரு வீடு வாங்குவது என்று வெங்காயம் முடிவுகட்டினாள்.

பைக்காரர் அவள் கணவர். பஸ் நிலையத்து மதிலோரம் ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு பை தைக்கிறவர். அறுந்த கைப்பிடி, கிழிந்த மூலை, பல் போன ஜிப் என்று எது வந்தாலும் மெழுகு நூலும் வளைந்த ஊசியுமாகச் சரிசெய்து கொடுத்துவிடுவார். பள்ளிக்கூடம் திறக்கிற மாசம் அவருக்குத் தலை நிமிர நேரமிருக்காது. மழை மாசத்தில் தார்ப்பாய்க்குக் கீழே ஆள் மட்டும் இருப்பார், வேலை இருக்காது. அதிகம் பேச மாட்டார்.

ஊருக்கு வெளியே அரசாங்கம் மாடி வீடுகள் கட்டிக்கொண்டிருந்தது. ஓர் அறை, ஒரு சமையலறை, உள்ளேயே கக்கூஸ். விலையில் ஒரு பங்கை அரசாங்கம் தள்ளிக் கொடுக்கும். முன்பணம் போக மீதியைக் கடனாகத் தர ஒரு கம்பெனி முன்வந்தது. அதன் ஆட்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவில் நாற்காலி போட்டு விளக்கினார்கள். பேங்க்காரன் சம்பளச் சீட்டு கேட்பான், நாங்கள் கேட்க மாட்டோம், நேரில் வந்து நீங்கள் எப்படிப் பிழைக்கிறீர்கள் என்று பார்ப்போம், அக்கம்பக்கத்தில் விசாரிப்போம், அவ்வளவுதான் என்றார்கள். வெங்காயமும் கண்ணாடியும் ஒன்றாகப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

"என்னத்தக்கா விசாரிப்பாங்க?" என்றாள் வெங்காயம் மறுநாள் உரித்துக்கொண்டே.

"என்னத்த? குடிக்கிறாரா, அடிக்கிறாரா, அக்கம்பக்கத்துல கடன் வாங்கிட்டு ஓடி ஒளியறாங்களான்னு கேப்பான். உன்கிட்ட என்னைப் பத்திக் கேட்டா தங்கம்னு சொல்லு. நான் உன்னை வைரம்னு சொல்லிடறேன்."

"தங்கத்துக்கும் வைரத்துக்கும் கடன் எதுக்குன்னு கேட்டுட்டான்னா?"

கண்ணாடி சிரித்துவிட்டு, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு மட்டும்டி. எங்க வீட்டுக்காரர் முதுகு விஷயம் வெளிய வேணாம். கடன் அவர் பேர்லதான் வரணும்னு ஒத்தக்கால்ல நிக்கறார். இன்னும் மூட்டை தூக்கப் போறார்னுதான் எழுதியிருக்கேன்."

"நீங்க காலையில ஆஸ்பத்திரித் தரை துடைக்கப் போறதை எழுதலாமே?"

"பொண்டாட்டி ரெண்டு எடத்துல வேலை செஞ்சு தின்னுட்டு இருக்கார்னு ஊருக்கே எழுதிக் கொடுக்கச் சொல்றியா? மனுஷன் செத்துப்போயிடுவார்."

"சரிக்கா. நான் ஏன் சொல்லப் போறேன்."

விசாரணைக்காரன் இருபத்தைந்து வயதுப் பையன். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதலில் வெங்காயத்தின் வீட்டுக்குத்தான் வந்தான். செருப்பைக் கழற்றினான், அக்கா என்று கூப்பிட்டான், கொடுத்த டீயை மிச்சம் வைக்காமல் குடித்தான். குடித்துக்கொண்டே அவன் கண் அரிசி டப்பாவுக்கும் அடுப்புக்கும் கொடியில் தொங்கிய துணிகளுக்கும் போய் வந்தது. "டப்பாவைத் திறக்கலாமாக்கா?" என்று கேட்டு, திறந்தும் பார்த்தான். வெங்காயத்துக்கு உடம்பு கூசியது. ஆனாலும் சிரித்த முகத்தோடு நின்றாள்.

"அண்ணனுக்கு வேலை எப்படி இருக்கும்?"

"குறையே இல்ல தம்பி. பஸ் ஸ்டாண்டு கூட்டம் என்னைக்குக் குறைஞ்சிருக்கு?"

"மழைக்காலத்துல?"

"மழைன்னா பை நனைஞ்சு கிழியத்தானே செய்யும்? அப்பதான் இன்னும் அதிகம்."

சொல்லும்போதே நாக்கு கொஞ்சம் தடுக்கியது. அவன் எழுதிக்கொண்டு கிளம்பினான். வெங்காயம் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தெருக்குழாயடியில் கண்ணாடி குடம் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் அவளிடம் ஏதோ கேட்க, அவள் இடுப்பில் கை வைத்து நீளமாகப் பதில் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். கண்ணாடி இந்த ஜன்னல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

அன்றைக்கு அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு கம்பெனியிலிருந்து போன் வந்தபோதுதான் அந்தச் சிரிப்பு மறுபடி கண்ணுக்குள் வந்தது.

"உங்க மனு நின்னுபோச்சுக்கா" என்றான் விசாரணைக்காரன். "விசாரிச்சதுல சரியா வரல."

"யார்கிட்ட விசாரிச்சீங்க?"

"அதைச் சொல்லக் கூடாதுக்கா."

"ஊர்ல ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லுவாங்க. எவனோ ஆகாதவன் சொன்னதைக் கேட்டுக்கிட்டு—"

"ஆகாதவங்க இல்லக்கா. உங்களுக்கு ரொம்ப நெருங்கினவங்கதான். அவங்க சொன்னா நாங்க நம்பாம இருக்க முடியாது."

வெங்காயம் போனை வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கண்ணாடி பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

பைக்காரர் வந்ததும் சொன்னாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "போகுது விடு" என்றார்.

"போகுது விடா? யாரோ வேணும்னே குழி பறிச்சிருக்காங்க. யாருன்னும் எனக்குத் தெரியும்."

"யாரையும் சொல்லாத. சோத்தைப் போடு."

அவள் போட்டாள். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். மனுஷனுக்கும் மனசு உடைந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சந்தேகம் வந்துவிட்டால் அதற்குத் தீனி தேட வேண்டியதில்லை, அதுவே தேடிக்கொள்ளும். கண்ணாடி பேசினால், ஏன் இவ்வளவு குழைகிறாள் என்று இருந்தது. பேசாவிட்டால், முகத்தைப் பார்க்க வெட்கம் என்று இருந்தது. உங்கள் மனு என்ன ஆனது என்று அவள் வாய்விட்டுக் கேட்காததே பெரிய அத்தாட்சியாகப் பட்டது. தெரிந்தவள் எதற்குக் கேட்பாள்? வீடுகள் குறைவு, மனுக்கள் அதிகம் என்று தெருவில் பேச்சு. ஒருத்தியைத் தள்ளினால் இன்னொருத்திக்கு இடம் கிடைக்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது வெங்காயத்தின் கை கத்தியில் இறுகியது.

"என்னடி, ரெண்டு நாளா உம்முன்னு இருக்க?" என்று ஒரு நாள் கண்ணாடி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

"கம்பெனியிலேர்ந்து ஏதாவது..."

"உங்களுக்குத் தெரியாததா?"

கண்ணாடி கிழங்கைக் கீழே வைத்தாள். "எனக்கென்ன தெரியும்?"

"குழாயடியில நின்னு அவ்வளவு நேரம் பேசினீங்களே. எல்லாம் கேட்டுத் தெரிஞ்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"அடிப்பாவி. அவன் தாகமா இருக்குன்னு தண்ணி கேட்டான். குடத்தைச் சாய்ச்சா சட்டையெல்லாம் கொட்டிக்கிட்டான். உன்னைப் பத்திக் கேட்டான், நல்ல புள்ளைன்னு சொன்னேன். வேற என்ன?"

"வேற என்னன்னு உங்களுக்குத்தானே தெரியும்."

கண்ணாடி அவளையே பார்த்தாள். பிறகு கிழங்கைக் கையில் எடுத்தாள். கோபம் வராமல் போனதும் வெங்காயத்துக்கு ஓர் அத்தாட்சிதான்.

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் விசாரணைக்காரன் மறுபடி வந்தான். இந்தத் தடவை கண்ணாடி வீட்டு விசாரணை. அவர்கள் வீட்டில் பார்த்துவிட்டு, வெளியே வந்து, துணி எடுக்கப் போன வெங்காயத்தை நிறுத்தினான்.

"பக்கத்து வீட்டு அண்ணன் இன்னைக்கு மழைன்னு போகலையாம். மத்த நாள்ல தினமும் வேலைக்குப் போறாராக்கா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம், போகிறார் என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டும் நாக்கின் நுனிவரை வந்தன. அப்போது பார்த்து கண்ணாடி வாசலுக்கு வந்து, இவள் பேசுவதைக் கண்டு, நம்பிக்கையோடு சிரித்துவிட்டு உள்ளே போனாள். அந்தச் சிரிப்பு வெங்காயத்துக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"எந்த வேலைக்கு?" என்றாள். "அவர் முதுகு உடைஞ்சு பாயிலேயே கெடக்காரே. மூட்டைக்குப் போய் மாசக்கணக்காச்சு."

விசாரணைக்காரன் பேனாவை மூடினான். "நல்லவேளை சொன்னீங்க" என்றான். அந்த நல்லவேளை அவளுக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் கண்ணாடி வேலைக்கு வந்து, சாக்கை விரித்து, கிழங்கைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். "எங்களுதும் நின்னுபோச்சுடி" என்றாள். "பொய் எழுதிக் கொடுத்தீங்கன்னு எங்க வீட்டுக்காரரை போன்லயே அசிங்கப்படுத்திட்டான். மனுஷன் நேத்துலேர்ந்து எழுந்திரிக்கல. எவன் சொன்னான்னு தெரியல. ஆஸ்பத்திரி பக்கத்துல எவனாவது பார்த்திருப்பானோ?"

வெங்காயம் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே, "இருக்கும்" என்றாள். கண்ணாடி தன்னைத் துளியும் சந்தேகப்படவில்லை என்பது அவளுக்குள் எங்கோ முள்ளாகக் குத்தியது. இவள்தான் எனக்குச் செய்தாள், அதற்குத்தான் இது என்று சொல்லிச் சொல்லி அந்த முள்ளை அமுக்கினாள்.

மாலையில் மழை கொட்டியது. பைக்காரர் வேலையில்லாமல் சீக்கிரமே வந்துவிட்டார். மகள் டியூஷனிலிருந்து திரும்பவில்லை. தகரத்துச் சத்தத்தை மீறிக் கேட்கவேண்டும் என்று வெங்காயம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னாள்.

"கண்ணாடிக்கும் வீடு இல்ல. செஞ்சதுக்குக் கெடச்சுது."

"என்ன செஞ்சாங்க?"

"நம்ம மனுவைக் கெடுத்தாளே, அது. நெருங்கினவங்கதான்னு அந்தத் தம்பியே சொன்னானே. அதான் நானும் மூடி வைக்காம உள்ளதைச் சொன்னேன்."

பைக்காரர் கையிலிருந்த டம்ளரைத் தரையில் வைத்தார். "நீ என்ன சொன்ன?"

"அவர் முதுகைப் பத்திச் சொன்னேன். பொய்யா சொன்னேன்?"

அவர் எழுந்தார். எழுந்து நின்றவருக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. கதவைத் திறந்து மழையைப் பார்த்தார், மறுபடி மூடினார்.

"அவங்க இல்ல" என்றார். "நான்தான்."

"என்ன நீங்க?"

"அந்தப் பையன் உன்னைப் பார்த்துட்டு நேரா பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான். அவன் பையில ஜிப் போயிருந்துச்சு. தைச்சுக் கொடுத்தேன். தைக்கத் தைக்கக் கேட்டான். மழைக்காலத்துலதான் அதிக வேலையாமேன்னான். யார் சொன்னான்னு கேட்டேன். அக்கா சொன்னாங்கன்னான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம் சிரிப்பு வரல. மூணு மாசம் ஒண்ணுமே வராது தம்பின்னு சொன்னேன். புது வீட்டுலேர்ந்து தினம் பஸ் ஏறி வந்துபோனா பஸ்ஸுக்கே பாதி போயிடும்னு சொன்னேன். அங்க உக்காந்தா எவன் பை கொண்டுவருவான்? மாசா மாசம் கட்டிடுவீங்களா அண்ணேன்னு கேட்டான். எனக்கே நம்பிக்கையில்லப்பான்னு சொன்னேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"எப்படிச் சொல்றது? நாம அந்த மாடி வீட்டைப் பார்க்கப் போனப்ப, உள்ள இருந்த குழாயை நீ திறந்து திறந்து மூடினியே. அதைப் பார்த்தப்புறம் எனக்கு வாய் வரல."

"சொல்லாம இருந்துட்டு, யாரோ குழி பறிச்சாங்கன்னு நான் சொன்னப்ப சோத்தைத் தின்னுக்கிட்டு இருந்தீங்களே!"

"யாரையும் சொல்லாதன்னு சொன்னேன்."

"அதுவா சொல்றது?"

வெங்காயம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கண் எரிந்தது. அவர் மேல் வந்த கோபம் ஒரு பக்கம் இருக்க, சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிற மனுஷனும், குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் கொடுத்தவளும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கம்பெனிக்குப் போனாள். அங்கே மேலாளர் ஓர் அம்மா. கழுத்தில் அடையாள அட்டை, மேஜைமேல் திறந்த சாப்பாட்டு டப்பா. சொன்னதையெல்லாம் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"போன வாரம் வேலைக்குப் போகலைன்னு சொன்னது நீங்கதானே? இப்ப கடன் கொடுங்கன்னு வர்றீங்க. எதை நான் நம்பறது?"

"அதுவும் நெஜம்தாம்மா. பாதி நெஜம். அவர் போறதில்ல. ஆனா அந்தக் குடும்பம் அவர் சம்பாத்தியத்துல ஓடல. அந்தக்கா விடியறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில தரை துடைக்குது, அப்புறம் எங்ககூட வந்து கிழங்கு சீவுது. ஒரு நாள் லீவு போட்டு நான் பார்த்ததில்ல. அந்தக்கா பேர்ல கொடுங்க. ஆஸ்பத்திரியில கேட்டுப் பாருங்க."

"கேக்கறோம். ஆனா ஒரு தடவை பொய்யின்னு வந்த மனு. யாராவது ஜாமீன் போடணும். நீங்க போடறீங்களா?"

"போடறேன்."

"அவசரப்படாதீங்க. அவங்க கட்டலைன்னா உங்களைத்தான் கேப்போம். அதுவுமில்லாம, அவங்க கடன்ல பாதி அடையற வரைக்கும் உங்க குடும்பத்துக்கு நாங்க கடன் கொடுக்க முடியாது." அந்த அம்மா டப்பாவை மூடினாள். "உங்க மனுவையும் எடுத்துப் பார்த்தேன். உங்க வீட்டுக்காரர் நேர்மையாத்தான் பேசியிருக்கார். உங்க சம்பளத்தையும் சேர்த்து, முன்பணம் கொஞ்சம் அதிகமாக் கட்டினா, அடுத்த தடவை உங்களுக்கே கெடைக்க வழியிருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

வெங்காயம் யோசித்தாள். மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் கண் முன்னால் வந்தது. பாதி அடைவதற்குள் மகள் பள்ளிப் படிப்பையே முடித்துவிடுவாள். அந்த அம்மா கை கழுவிவிட்டு வரும்வரை யோசித்தாள். "அந்தக்காவைக் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லி எழுந்தாள்.

கண்ணாடியிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. விடுதியின் பின்புறம் தோலும் கழிவும் கொட்டுகிற இடத்தில் நிறுத்திச் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. கண்ணாடி குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் முந்தானையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள்.

"கேட்டிருக்கணும்."

"எத்தனை நாள் எதிர்ல உக்காந்திருந்தேன்."

"ஆமாக்கா."

"அவர் அழுதாருடி. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவர் அழுது நான் பார்த்ததில்ல."

கண்ணாடி கழிவுக் கூடையைக் கவிழ்த்துத் தட்டினாள். "எப்ப போகணும்?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் விசாரித்து, கண்ணாடியின் பெயரிலேயே மனுவை மாற்றி எழுதி, கையெழுத்துக்குக் கூப்பிட்டபோது மழை விட்டிருந்தது. முந்தின இரவு வெங்காயம் மகளுக்கும் பைக்காரருக்கும் முன்னால் விஷயத்தைச் சொன்னாள். மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். பைக்காரர், "நானும் வந்து கையெழுத்துப் போடறேன், ரெண்டு பேர் இருந்தா நல்லதுதானே" என்றார். "நீங்க வாயைத் திறக்காம இருந்தா அதுவே போதும்" என்றாள் அவள். ஆனாலும் அவர் காலையில் கடை போடாமல் வந்தார்.

மேலாளரம்மா காட்டிய இடத்திலெல்லாம் மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். கண்ணாடி ஒவ்வொரு காகிதத்தையும் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் போட்டாள். வெங்காயம் கையெழுத்திட்ட தாளையும் வாங்கிப் படித்தாள். பெயர் சரியா என்று பார்த்தாள். எல்லாம் முடிந்து சாவி எப்போது என்று தெரிந்துகொண்டு வெளியே வந்தார்கள்.

பைக்காரர் நேராக பஸ் நிலையத்துக்கு நடந்துவிட்டார். பெண்கள் இருவரும் விடுதிக்குப் போகிற பஸ்ஸுக்கு நின்றார்கள். பஸ் வந்தது. கண்ணாடி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, தனக்கு மட்டும் ஒரு டிக்கெட் வாங்கினாள். வெங்காயம் தன் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் உட்காரலாமா என்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு நிறுத்தம் போனபின் கண்ணாடி வெளியே பார்த்தபடியே பேசினாள்.

"மாசம் பொறந்தா உனக்குத் தூக்கம் வராது. இவ கட்டினாளா கட்டலையான்னு இருக்கும்."

"இருக்கும்தான்க்கா."

"நான் அங்க போயிட்டா, சுவத்துல காதை வெச்சுத் தெரிஞ்சுக்கவும் முடியாது."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"சந்தேகம் வந்தா பஸ் ஏறி வா" என்றாள் கண்ணாடி. "கதவைத் தட்டி என்னைக் கேளு. வேற யாரையும் கேக்காத."

மடியிலிருந்த பையை எடுத்துக் காலியாக இருந்த பக்கத்து இருக்கையில் வைத்தாள். கொஞ்ச தூரம் போனபிறகு அதை மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெங்காயம் உட்கார்ந்தாள்.